லாங்மேன் இணைய அகராதி: 'பிக் அப்' என்று தேடிப் பார்த்தால் என்ன கிடைக்கிறது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் (ஒரு வினையோடு 'அப்', 'அவுட்' மாதிரி சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவது) படிக்க ஒரே ஒரு இணையதளத்தைத்தான் போனில் வைத்துக்கொள்வேன் என்றால் லாங்மேன் அகராதியின் தளத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன். இலவசம், கணக்குத் தொடங்காமலே தேடலாம். பியர்சன் நிறுவனம் நடத்துகிறது. 1978-ல் முதன்முதலில் அச்சில் வந்த 'லாங்மேன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலிஷ்' என்ற கனமான புத்தகத்தின் இணைய வடிவம்தான் இது. அச்சில் ஆறாம் பதிப்பு 2014-ல் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதி என்பதுதான் இதில் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவச் சொற்களில் அவர்களுக்குப் பயமே கிடையாது, எவ்வளவு நீளமான நோய்ப் பெயரைக் கொடுத்தாலும் தடங்கலில்லாமல் எழுதுவார்கள். தடுமாற வைப்பது நோயாளி பேசும் ஆங்கிலம். இங்கிலாந்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து "வாமிட்" என்று சொல்வது குறைவு, "த்ரோ அப்" என்பார். மயங்கி விழுந்ததை "பாஸ்ட் அவுட்" என்பார், மயக்கம் தெளிந்ததை "கேம் ரவுண்ட்" என்பார். பேரனிடமிருந்து ஏதோ கிருமி தொற்றியதைச் சொல்ல "ஐ பிக்ட் அப் எ பக்" என்பார். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள், ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லிவிடும். சேர்ந்து வரும்போதுதான் பிடிபடாமல் போகிறது. இது இன்றைய புகார் கிடையாது. 1755-ல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே மாற்றிவிடும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவைத்திருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியதே அதற்கு ரொம்பப் பின்னால், 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய புத்தகத்திலிருந்துதான்.

அதனால் எந்த அகராதி கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது 'பிக் அப்'. காரணம் இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். "வண்டியில மைலேஜ் இருக்கு, பிக்கப் இல்ல" என்கிறோம். "சாயங்காலம் பாப்பாவ நான் பிக்கப் பண்ணிக்கிறேன்" என்கிறோம். ஐடி கம்பெனிக்காரர்களுக்கு பிக்கப் டைம், டிராப் டைம் இரண்டையும் வைத்துத்தான் நாளே ஓடுகிறது. "அஞ்சு தடவ கூப்பிட்டேன், பிக்கப் பண்ணல" என்று கோபித்துக்கொள்கிறோம். முதல் பாதி இழுவையாக இருந்து இடைவேளைக்குப் பிறகு படம் பிக்கப் ஆகிறது. காய்கறி ஏற்றி வருகிற சின்ன லாரியும் பிக்கப்தான். ஆக, அர்த்தம் பல கிளையாகப் பிரிவது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. தெரிந்த கிளையிலிருந்து தெரியாத கிளைக்கு ஒரு அகராதி எப்படிக் கூட்டிப்போகிறது என்று பார்க்க இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

லாங்மேனில் 'பிக் அப்' என்று முழுசாகத் தேடுங்கள், 'பிக்' என்று மட்டும் போட்டால் அந்த வினையின் மற்ற அர்த்தங்களையெல்லாம் தாண்டிப் போகவேண்டியிருக்கும். பக்கம் நீளமானது, பார்த்ததும் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்பு போட்டிருப்பார்கள். தூக்குதல், வாங்குதல், கற்றல், நோய், முன்னேற்றம், வானொலி, போலீஸ் என்று. இந்தத் தலைப்புகள்தான் இந்த அகராதியின் உயிர். நீங்கள் படிக்கிற வாக்கியத்தில் ஆள் காய்ச்சலோடு படுத்திருக்கிறானா, கடைக்குப் போயிருக்கிறானா என்பது உங்களுக்குத் தெரியும், நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம், முதல் அர்த்தத்திலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாதாரண அகராதிகளில் முதல் இரண்டு அர்த்தத்தைப் படித்துவிட்டு, பொருந்துகிற மாதிரி தெரிந்தால் மூடிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. என் வகுப்பில் 'த பேஷன்ட் இஸ் பிக்கிங் அப்' என்ற வாக்கியத்துக்கு 'நோயாளி எதையோ பொறுக்குகிறார்' என்று எழுதிய பெண் அப்படித்தான் எழுதியிருந்தார். அவர் போனில் இருந்த ஆங்கிலம்-தமிழ்ச் செயலி ஒன்று 'பொறுக்கு, எடு' என்று இரண்டே சொல்லைக் கொடுத்து முடித்துக்கொண்டது. குற்றம் அவருடையது இல்லை. நோயாளி தேறிவருகிறார் என்பதுதான் அந்த வாக்கியம், அதற்கு எதிர்மாறான ஒரு காட்சியை ஒரு செயலி ஒரு நர்சின் மனதில் உண்டாக்குகிறது என்றால் அதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அடுத்து எனக்குப் பிடித்தது அந்த இரட்டை அம்புக்குறி. வினைக்கும் 'அப்'புக்கும் நடுவில் ஆளோ பொருளோ வரலாமா, வந்தால் இரண்டு பக்கமும் நகருமா என்பதை இருமுனை அம்பு போட்டுக் காட்டுகிறார்கள். பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். 'பிக் அப் த பேக்' என்றும் சொல்லலாம், 'பிக் த பேக் அப்' என்றும் சொல்லலாம், ஆனால் பைக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் 'பிக் இட் அப்' மட்டும்தான், 'பிக் அப் இட்' என்று ஆங்கிலத்தில் யாரும் பேசமாட்டார்கள். அதோடு, நடுவில் யார் வருகிறார்கள் என்பதை வைத்தே அர்த்தம் பிரிந்துவிடுகிறது. நடுவில் ஆள் இருந்தால் அழைத்துவருவது, பால் பாக்கெட் இருந்தால் வழியில் வாங்கிவருவது, சளி இருந்தால் தொற்றிக்கொள்வது, சிக்னல் இருந்தால் கருவியில் அகப்படுவது, பில் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது. நடுவில் எதுவுமே இல்லாமல், வியாபாரமோ காற்றோ எழுவாயாக நின்றால், அது சூடுபிடிப்பது அல்லது வலுப்பது. ஒவ்வொரு ஃப்ரேசல் வெர்புக்கும் ஒரு அர்த்தம் என்று ஐந்நூறு சொற்களை அச்சடித்து விற்கிற போட்டித் தேர்வுக் கையேடுகளில் இந்தச் செய்தி துளியும் இருக்காது. அதை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அவ்வளவு உழைப்பும் வாக்கியத்தில் வந்து நிற்காமல் போகிறது.

விளக்கம் எழுதும் விதம் பற்றியும் சொல்லவேண்டும். லாங்மேன் ஏறக்குறைய 2000 எளிய சொற்களை வைத்துக்கொண்டு அவற்றாலேயே எல்லாச் சொல்லையும் விளக்குகிறது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய், அந்த அர்த்தத்தில் வரும் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் பார்க்கிற அவஸ்தை குறைவு. அப்படியே ஏதாவது ஒரு சொல் புரியவில்லை என்றாலும் விளக்கத்தில் உள்ள சொல்லைத் தொட்டாலே அதன் பக்கம் திறக்கும். இந்த யோசனையின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தும் முறைக்கு வந்தார். 1935-ல் அவரும் ஜேம்ஸ் எண்டிகாட்டும் சேர்ந்து கொண்டுவந்த சின்ன அகராதி 1490 சொற்களை மட்டுமே வைத்து மற்ற எல்லாவற்றையும் விளக்கியது. லாங்மேன் கைக்கொண்டது அதே வழி. வெளிநாட்டுக்காரர் நமக்குச் செய்துகொடுத்த பொருள் என்று நினைத்து இதைத் திறக்கிற தமிழ் மாணவர்களிடம், டாக்கா வகுப்பறைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் தவறாமல் சொல்வேன்.

சரி, 'கற்றல்' என்ற அர்த்தத்துக்கு வருவோம், இங்கேதான் லாங்மேனின் நேர்த்தி தெரியும். 'பிக் அப்' என்றால் கற்றுக்கொள்வது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், உட்கார்ந்து பாடம் படிக்காமல், கேட்டும் பார்த்தும் தானாகக் கற்பது என்று பிரித்துக் காட்டுகிறது. நான்கு வருடம் கல்லூரியில் நர்சிங் படித்ததை 'ஐ பிக்ட் அப் நர்சிங்' என்று நேர்காணலில் சொன்னால் எதிரே இருப்பவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார், போகிறபோக்கில் பழகிய கைவேலை என்று. துபாயில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது வார்டில் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் அரபி வந்தது என்றால், அதற்கு இது சரியான சொல்.

எச்சரிக்கைகளும் ஒழுங்காக இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக்கொடுத்து உறவுக்கு அழைக்கிற அர்த்தமும் இந்தச் சொல்லுக்கு உண்டு, அதைத் தனியாகத் தலைப்புப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இடம் இது. 'ஐ பிக்ட் அப் மை சிஸ்டர்' என்றால் தங்கையை அழைத்துவந்தேன், எந்தக் குழப்பமும் இல்லை. அதே வாக்கியத்தில் 'எ கேர்ள்' என்று போட்டு, எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் விட்டால், கேட்பவர் முகம் மாறும். அப்புறம் 'ஆன்' ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு வடிவங்கள். 'பிக் அப் ஆன் சம்திங்' என்றால் மற்றவர் கவனிக்காததைக் கவனிப்பது, நோயாளி வாய்விட்டுச் சொல்லாத வலியை முகத்தில் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி. 'பிக் சம்படி அப் ஆன் சம்திங்' என்று நடுவில் ஆள் வந்தால் அவர் சொன்ன தப்பைச் சுட்டிக்காட்டுவது, பிரிட்டிஷ் வழக்கு. ஒரு ஆள் நடுவில் வந்து உட்கார்ந்ததும் பாராட்டுக்குரிய குணம் குறைசொல்வதாக மாறிவிடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேற்பார்வையாளர் சொன்னது பாராட்டா, குறையா என்றே தெரியாமல் போகும்.

அரை மதிப்பெண்ணை எங்கே பிடித்துவைத்தேன் என்று சொல்கிறேன். அர்த்தங்களை அழகாகப் பிரித்துவைக்கிற லாங்மேன் அவற்றுக்குள் என்ன உறவு என்று ஒரு வரி சொல்வதில்லை. படிக்கிறவர் கண்ணுக்கு இது சம்பந்தமில்லாத சொற்களின் கூட்டமாகத் தெரியும், அதனால்தான் மனப்பாடத்தில் போய் விழுகிறார்கள். உறவு இருக்கிறது. வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லித்தருகிறேன்: கீழே கிடப்பதைக் கையில் எடுப்பது முதல் கிளை, போன் எடுப்பது, அறையை ஒழுங்குபண்ணுவது எல்லாம் அதில் அடங்கும். போகிற வழியில் நம்மோடு சேர்ந்துகொள்வது இரண்டாவது கிளை, இதுதான் பெரியது. வண்டியில் ஏறுகிற ஆள், கடையில் வாங்குகிற ரொட்டி, காதில் விழுந்து நிற்கிற மொழி, பக்கத்துப் படுக்கையிலிருந்து வருகிற கிருமி, நண்பனிடமிருந்து வருகிற கெட்ட பழக்கம். தமிழில் 'ஒட்டிக்கொண்டது' என்கிறோமே, சளியும் ஒட்டிக்கொள்ளும், கோயம்புத்தூர்ப் பேச்சும் ஒட்டிக்கொள்ளும், அதேதான். மூன்றாவது கிளை 'அப்' என்பதன் மேல்நோக்கு. வேகம் கூடுவது, வியாபாரம் கூடுவது, நோயாளி தேறுவது. நாமும் 'தேறு' என்பதை உடம்புக்கும் சொல்கிறோம், பரீட்சைக்கும் சொல்கிறோம், 'இந்தக் கடை தேறாது' என்று வியாபாரத்துக்கும் சொல்கிறோம். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வது நாலாவது, கீழே வைத்த நூலை மறுபடி கையில் எடுப்பது என்று பார்த்தால் அதுவும் முதல் கிளைக்கே போய்ச் சேரும். இப்படி நாலாகப் பிரித்துக் கொடுத்த பிறகு பக்கத்தைத் திறந்தால், அந்த நீளமான பட்டியல் முன்போல மிரட்டுவதில்லை.

தமிழ் பேசுகிறவருக்கு இது முடியாத வேலையே இல்லை என்று அடித்துச் சொல்வேன். நம் 'எடு'வைப் பாருங்கள். லீவு எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, வண்டி வேகம் எடுக்கிறது. தமிழ் கற்க வருகிற ஒரு வெளிநாட்டுக்காரர் இதைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு நாம் கொடுக்கக்கூடிய நல்ல உதவி 1992-ல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒவ்வொரு அர்த்தத்தையும் பிரித்து, எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்து, இன்று வழங்குகிற தமிழையே காட்டுகிற அகராதி. க்ரியாவைப் புரட்டிப் பழகியவர்களுக்கு லாங்மேன் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு குறை, பக்கத்தின் அடியில் வருகிற கூடுதல் வாக்கியங்கள். உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் சேர்த்த தொகுப்பிலிருந்து எடுத்தவை, அந்த வகையில் மதிப்புள்ளவை. ஆனால் முன்னும் பின்னும் இல்லாமல் பாதிக் கதையாக நிற்பதால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு உதவாது. மேலே விளக்கத்தோடு வருகிற எடுத்துக்காட்டுகளே போதும், அடியில் இருப்பதை வேகமாக வாசிக்கத் தெரிந்த பிறகு பார்க்கலாம். தமிழில் அர்த்தம் கிடையாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள் சிலர். நான் சொல்லமாட்டேன். விளக்கத்தின் ஆங்கிலம் அவ்வளவு எளிமை.

மற்றவற்றோடு ஒப்பிடச் சொன்னால், கேம்பிரிட்ஜ் தளத்தில் அர்த்தத்துக்கு அர்த்தம் தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை நிலை குறித்திருப்பார்கள், எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவுசெய்ய அது நன்றாக உதவும். இந்த ஒரு விஷயத்தில் லாங்மேனைவிட அது மேல். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது தொகுத்து, 1942-ல் அங்கேயே முதலில் வெளியான அகராதியிலிருந்து வளர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டு, அதையும் குறைசொல்ல எதுவுமில்லை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஏற்றது. காலின்ஸ் கோபில்ட் 1987-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்தது. அர்த்தத்தையே முழு வாக்கியமாக, நீங்கள் இதைச் செய்தால் இப்படி நடக்கிறது என்கிற பாணியில் சொல்லும். படிக்கச் சுகமாக இருக்கும், அவசரத்தில் தேட நேரம் எடுக்கும். மேக்மிலன் தளம் இருந்தவரை அதையும் பரிந்துரைத்தேன், 2023-ல் மூடிவிட்டார்கள், அது எனக்கு உண்மையாகவே இழப்பு. இலவசத் தளம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாமல் வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

'பிக் அப்' மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'டேக் ஆஃப்' பாருங்கள், விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, லீவு எடுப்பது, ஒரு தொழில் திடீரென்று வளர்வது, ஒருவர் பேசுவதைப் போலப் பேசிக்காட்டுவது எல்லாம் அதே ஒழுங்கோடு கிடைக்கும். 'புட் அப்' பக்கத்திலிருந்து 'புட் அப் வித்'தைத் தனியாகப் பிரித்து, பொறுத்துக்கொள்வது என்று காட்டியிருப்பார்கள். மருத்துவமனை வேலைக்கு வேண்டிய 'கம் டவுன் வித்' (நோய் வந்து படுப்பது), 'ப்ரிங் அப்' இரண்டும் உண்டு. 'ப்ரிங் அப்' என்பது பிள்ளை வளர்ப்பது மட்டும் இல்லை, வாந்தி எடுப்பதற்கும் பிரிட்டனில் அதைச் சொல்கிறார்கள். வார்டில் அந்த இரண்டில் எது என்று அரை நொடியில் தெரிந்தாகவேண்டும்.

ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் அரைகுறையாகிவிடும். சொல்லுக்கு மட்டும் அல்ல, எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கும் லாங்மேனில் குரல் இருக்கிறது, பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டால் போதும். 'பிக் இட் அப்' என்னும்போது அழுத்தம் கடைசி 'அப்' மேல் விழும், நாம் பழக்கத்தில் 'பிக்' மேல் போடுவோம். பெயர்ச்சொல்லாக 'பிக்கப்' என்று வரும்போது அழுத்தம் முன்னால் போய்விடும், அந்த வண்டியைச் சொல்கிற மாதிரி. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் கேட்டல் பகுதியில் நோயாளி வேகமாகப் பேசும்போது இந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் வினையா பெயரா என்று உடனே தெரியும். என் மாணவிகள் இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஹெட்போன் போட்டு இந்த வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் போகச் சுமாரான நெட் இருந்தாலே போதும்.